ஏரி வண்டலிலுள்ள மழைக் கணக்கு

2024-ஆம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியது. கரையேறிய புயல் வழக்கம்போல் உள்நாட்டை நோக்கி விரைந்து மெலிந்து போகாமல், பல மணி நேரம் நின்ற இடத்திலேயே நின்று பொழிந்தது. மறுநாட்காலை அளந்து பார்த்தபோது மயிலத்தில் மட்டும் சுமார் 50 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய 20 அங்குல மழை பதிவாகியிருந்தது. விழுப்புரம் ஜில்லாவில் ஒரு வருஷம் முழுவதும் பெய்யும் மழையில் கிட்டத்தட்டப் பாதி ஒரே நாளில் பெய்துவிட்டது. டிசம்பர் 2-ந் தேதி சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் விநாடிக்கு 1,68,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டது. அரசூருக்கு அருகே சென்னை - திருச்சி நெடுஞ்சாலையின்மேல் ஆறு ஓடிற்று. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்திற்கும் இடையிலுள்ள பாலத்தை வெள்ளம் தொட்டதால் ரெயில்கள் நின்றன. கோலியனூர் வட்டாரத்தில் வயலெது, வாய்க்காலெது என்று அடையாளம் காண்பது அரிதாயிற்று.

வெள்ளம் வடிந்ததும் நிவாரணத் தொகையைப் பற்றியும், அணையைத் திறந்த நேரத்தைப் பற்றியும் வாதங்கள் எழுந்தன. அவை எழ வேண்டியவையே. எனினும் அவற்றுக்கெல்லாம் அடிப்படையான ஒரு கேள்வி, யாரும் கேட்காமலே கிடக்கிறது. இத்தகைய மழை இம்மண்ணுக்கு எத்தனை வருஷங்களுக்கு ஒரு முறை வருவது? நூறு வருஷத்துக்கு ஒன்றா, ஆயிரம் வருஷத்துக்கு ஒன்றா, அல்லது ஒரு தலைமுறைக்கு இரண்டு வீதம் இனி வரப்போவதா? பாலத்தின் கண்ணளவு, அணையின் மதகு, ஏரிக் கலிங்கின் அகலம், குடியிருப்பு மனைக்கு அனுமதி ஆகிய யாவும் இதற்கு நாம் சொல்லும் விடையைப் பொறுத்தவை. அவ்விடையோ ஒரு கச்சேரியிலும் இல்லை.

இல்லாமலிருப்பதற்குக் காரணம் சோம்பலன்று. மழையை நாம் அளக்கத் தொடங்கியது அண்மையிலேதான். சென்னையில் 1813 முதல் மழைக் கணக்கு இருக்கிறது. இந்திய வானிலை இலாகா 1875-ல் ஏற்பட்டது. உள்நாட்டுத் தாலுகாக்களில் மழைமானிகள் பரவியது பெரும்பாலும் அந்தக் காலத்தை ஒட்டியேயாகும். ஆகவே நம் கையிலுள்ளது சுமார் ஒன்றரை நூற்றாண்டுக் கணக்கு. அதை மட்டும் வைத்துக்கொண்டு ஐந்நூறு வருஷத்துக்கு ஒரு முறை நேரும் பெருமழையையோ பெருவறட்சியையோ மதிப்பிடுவது, ஒரு குடியானவரின் மூன்று வருஷத்து வரவு செலவைப் பார்த்து அக்குடும்பத்தின் பரம்பரைக் கடனைச் சொல்ல முயல்வதற்கு ஒப்பாகும். 2015-ஆம் வருஷத்து வடகிழக்குப் பருவத்தில் சென்னை முழுகிற்று. அடுத்த வருஷமே அப்பருவமழை தமிழ்நாட்டில் நூற்றுக்கு 62 பங்கு குறைந்துபோய், 1876-க்குப் பிறகு கண்டிராத வறட்சியென்று பதிவாயிற்று. அடுத்தடுத்த வருஷங்களில் இப்படி இரு கோடிகளையும் காட்டும் மழையின் சுபாவத்தை அறிய, நம் கணக்கு மிகவும் குறுகியது.

ஆனால் நாம் அளக்காத காலத்திலும் மழை பெய்துதான் இருக்கிறது. பெய்த மழை சில இடங்களில் தன் சுவட்டை விட்டும் போயிருக்கிறது. அச்சுவடுகளைக் கொண்டு பூர்வகாலத்து மழையை மறுபடி கணிக்கும் சாஸ்திரம் கடந்த ஐம்பது வருஷங்களில் பெரிதும் வளர்ந்துள்ளது. நம் தேசத்து விஞ்ஞானிகள் அதில் ஆற்றியுள்ள பணியும் சிறிதன்று.

முதலில் தேக்கு மரத்தைச் சொல்லலாம். வெப்ப நாடுகளில் வளரும் மரங்களிற் பலவற்றில் ஆண்டு வளையங்கள் தெளிவாக விழுவதில்லை. தேக்கு அதற்கு விலக்கு. கோடையில் இலையுதிர்த்து நின்றுவிட்டு, மழை வந்ததும் மீண்டும் தழைப்பதால், வருஷத்துக்கு ஒரு வளையம் அதில் பதிகிறது. மழை போதிய வருஷத்தில் வளையம் அகன்றும், பொய்த்த வருஷத்தில் குறுகியும் இருக்கும். பூனாவிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த போர்காவ்ங்கரும் அவருடைய சகாக்களும் கேரளத்துக் காடுகளிலுள்ள தேக்குகளை ஆராய்ந்து, 1481 முதல் 2003 வரை 523 வருஷங்களின் வளையக் கணக்கை 2010-ல் வெளியிட்டனர். பசிபிக் சமுத்திரம் சூடேறும் எல் நினோ வருஷங்களில் வளையங்கள் குறுகியிருந்ததை அவர்கள் கண்டார்கள். அதே வருஷத்தில் அமெரிக்காவின் எட்வர்ட் குக் முதலியோர், ஆசியாவெங்கும் 300-க்கு மேற்பட்ட இடங்களில் எடுத்த மரவளையங்களைக் கோத்து, பருவமழை நாடுகளின் வறட்சிப் படமொன்றை வெளியிட்டார்கள். 1756 முதல் 1768 வரை தென்கிழக்காசியாவையும் இந்தியாவையும் வாட்டிய நெடிய வறட்சியும், 1790 முதல் 1796 வரை நீடித்த வறட்சியும், 1876-78-ன் பெருவறட்சியும் அதில் காணப்படுகின்றன.

1876-ஐப் பற்றி ஒரு வார்த்தை இங்கே சொல்லாமற் செல்ல மனமில்லை. அவ்வருஷம் மழை பொய்த்தது உண்மை. மரங்கள் அதற்குச் சாட்சி. ஆயினும் சென்னை மாகாணத்தில் ஜனங்கள் லட்சக்கணக்கில் மடிந்த காலத்திலேயே தானியம் கப்பலேறியதையும், நிவாரண வேலையில் முதுகொடிந்தவனுக்கு ஸர் ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமே போதுமென்று கூலி வகுத்ததையும் எந்த மரவளையமும் காட்டாது. மழை குறைந்தது எவ்வளவு என்பதைத் திட்டமாக அறிந்தால்தான், பஞ்சத்தில் வானத்தின் பங்கு எவ்வளவு, சர்க்காரின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியும். பழைய மழையைக் கணக்கெடுப்பது அரசியல் அறிவுக்குப் புறம்பான விஷயமென்று எண்ணும் அன்பர்கள் இதை யோசிக்க வேண்டும்.

மரத்துக்கும் மூத்த சாட்சி குகைகளில் இருக்கிறது. சுண்ணாம்புப் பாறைக் குகைகளில் கூரையிலிருந்து சொட்டும் நீர், தரையில் துளித்துளியாகச் சுண்ணாம்பைப் படியவிட்டுத் தூண்களாக வளர்க்கிறது. நீரிலுள்ள பிராணவாயுவில் எடை குறைந்தது, எடை கூடியது என இரு வகை அணுக்கள் உண்டு. பருவமழை வலுத்துப் பெய்யும்போது பொதுவாக எடை கூடிய அணுவின் விகிதம் குறைந்துவிடுகிறது. அந்த விகிதம் சுண்ணாம்பில் அப்படியே தங்கும். தூணை நெடுக அறுத்து, அடுக்கடுக்காகச் சுரண்டி எடுத்துச் சோதித்தால் மழையின் ஏற்றத்தாழ்வு தெரிகிறது. யுரேனியம் தோரியமாக மாறிய அளவைக் கொண்டு அந்தந்த அடுக்கின் வயது தெரிகிறது. மத்திய இந்தியாவில் பஸ்தர்ப் பகுதியிலுள்ள தண்டக் குகையின் தூணை ஆராய்ந்த ஆஷிஷ் சின்ஹா முதலியோர், 14-ஆம் நூற்றாண்டிலும் 15-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் மழை பல பத்தாண்டுகள் தொடர்ந்து குன்றியிருந்ததைக் கண்டனர். தக்கணத்தில் துர்கா தேவிப் பஞ்சம் என்று இன்றும் பேசப்படும் பெரும் பஞ்சம் அக்காலத்தைச் சேர்ந்ததே. மேகாலயத்தில் மௌம்லூ குகையிலுள்ள தூணொன்றோ உலகப் புகழ் பெற்றுவிட்டது. 4,200 வருஷங்களுக்கு முன் நேர்ந்த பெரிய மழைக்குறைவு அதில் பதிந்திருப்பதை ஆதாரமாகக் கொண்டு, பூமியின் வரலாற்றில் நாம் வாழும் கடைசிப் பகுதிக்கு ‘மேகாலய காலம்’ என்று 2018-ல் சர்வதேச நிலவியலார் பெயர் சூட்டினர்.

தமிழ் மண்ணிலேயே இத்தகைய ஏடு ஒன்று உண்டு. நீலகிரியின் உச்சிப் பள்ளத்தாக்குகளில் நீர் தேங்கிய சதுப்புகளில், புல்லும் செடியும் மக்காமல் ஆயிரக்கணக்கான வருஷங்களாக அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. மரங்களும் குளிர்நிலச் செடிகளும் கரியமிலவாயுவை உட்கொள்ளும் முறை வேறு. வறண்ட வெளியில் வளரும் பல புல் வகைகள் உட்கொள்ளும் முறை வேறு. அந்த வேற்றுமை அவற்றின் கரியிலேயே பதிந்திருக்கிறது. ஆகவே சதுப்பு மண்ணைச் சோதித்தால் எந்தக் காலத்தில் எந்த வகைப் பயிர் ஓங்கியிருந்தது என்றும், அதிலிருந்து ஈரம் மிகுந்திருந்ததா குறைந்திருந்ததா என்றும் சொல்லிவிடலாம். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் ராமன் சுகுமாரும், ஆமதாபாத் பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தின் ஆர். ரமேஷும் சகாக்களுடன் இதைச் செய்து 1993-ல் வெளியிட்டார்கள். சுமார் 6,000 வருஷங்களுக்கு முன் தொடங்கி 3,500 வருஷங்களுக்கு முன் வரை நீலகிரி வறண்டிருந்ததென்றும், ஏறக்குறைய 600 வருஷங்களுக்கு முன் குறுகிய ஈரக்காலம் ஒன்று வந்து போயிற்றென்றும் அவர்கள் கண்டனர். சந்தன வீரப்பனைப் பற்றி ஆயிரம் பக்கம் படித்த நம் ஜனங்களில் இவ்வாராய்ச்சியை அறிந்தவர் எத்தனை பேர் என்று கேட்க நமக்குக் கூச்சமாயிருக்கிறது.

கடலடி மண்ணிலும் மழைக்கணக்கு உண்டு. 2014-15-ல் ஒரு சர்வதேசக் கப்பல் வங்காள விரிகுடாவின் அடித்தரையைத் துளைத்து மண்தூண்களை எடுத்தது. அவற்றைக் கொண்டு ஸ்டீவன் கிளெமென்ஸ் முதலியோர் ஒன்பது லட்சம் வருஷத்துப் பருவமழையைக் கணித்து 2021-ல் வெளியிட்டனர். காற்றில் கரியமிலவாயு மிகுந்து துருவப் பனி குறைந்திருந்த காலங்களில் மழை வலுத்தது என்பது அவர்கள் முடிபு. இன்று கரியமிலவாயு ஏறிக்கொண்டே போவதை அறிந்தவர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் நமக்குப் பெருமையளிப்பவையே. எனினும் கோலியனூர்க் குடியானவர் இவற்றைக் கேட்டுவிட்டு, “இதெல்லாம் எங்கள் மழையைப் பற்றியதுதானா?” என்று வினவினால், பெரும்பாலும் இல்லை என்றே நாம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். மேற்கூறிய ஆராய்ச்சிகளில் மிகுதியானவை ஆனி முதல் புரட்டாசி வரை பெய்யும் தென்மேற்குப் பருவமழையைப் பற்றியவை. இந்தியாவின் பெரும்பகுதிக்கு அதுவே ஜீவாதாரம். ஆகையால் ‘பருவமழை’ என்றாலே உலகத்தார் அதைத்தான் கருதுகிறார்கள். நமக்கோ ஐப்பசியும் கார்த்திகையுமே அடைமழைக் காலம். தமிழ்நாட்டின் வருஷ மழையில் ஏறக்குறைய பாதி வடகிழக்கிலிருந்து வருகிறது. கடற்கரை ஜில்லாக்களில் அது பாதிக்கும் மேல். அந்த மழையின் சுபாவமும் வேறு. தென்மேற்கு, மாதக்கணக்கில் வீசும் காற்றோடு வருவது. வடகிழக்கோ வங்கக்கடலில் எழும் சில தாழ்வுநிலைகளையும் புயல்களையும் நம்பியிருப்பது. இரண்டு புயல் வந்தால் வெள்ளம், ஒன்றும் வராவிட்டால் வறட்சி. தென்மேற்கின் பழைய கணக்கை எடுத்து வடகிழக்குக்கு ஒட்டவைப்பது, தஞ்சாவூர் நஞ்சைக் கணக்கைப் பார்த்து ராமநாதபுரத்துக்கு வரி விதிப்பது போன்றது.

வடகிழக்கின் சுவட்டைத் தனியே பிரித்தறிவதற்கு இயற்கையே ஒரு வழியையும் தந்திருக்கிறது. கோடைமழை முடியும் தறுவாயில் கங்கையும் பிரம்மபுத்திரையும் கொண்டுவந்து கொட்டிய நன்னீர் வங்கக்கடலின் மேற்பரப்பில் பரவி நிற்கிறது. அதிலிருந்து எழும் ஆவியும் புயல் மேகங்களின் தன்மையும் சேர்ந்து, வடகிழக்கு மழைநீரில் எடை கூடிய பிராணவாயுவின் விகிதத்தைத் தென்மேற்கு மழைநீரில் உள்ளதைவிடக் குறைத்துவிடுகின்றன. அந்த நீரைக் குடித்து வளர்ந்த இலையின் மேலுள்ள மெழுகிலும், அந்நீரில் வாழ்ந்த நத்தையின் ஓட்டிலும் மழைநீரின் அடையாளம் தங்குகிறது. இலை மக்கினாலும் மெழுகு எளிதில் மக்குவதில்லை. பல்லாயிரம் வருஷம் மண்ணோடு கிடக்கும். ஆகவே வடகிழக்கு மழையே மேலோங்கிய ஒரு பிரதேசத்தில், நீரடியில் ஒழுங்காகப் படிந்த மண் கிடைத்தால் அதைப் படிக்க முடியும்.

அத்தகைய மண் விழுப்புரம், திண்டிவனம் பக்கங்களில் எங்கே உள்ளது? இவ்வட்டாரத்தில் பெரும்பகுதி கருங்கற் பூமி. செஞ்சி மலைகளில் சுண்ணாம்புத் தூண் வளராது. ஐந்நூறு வயதுத் தேக்கும் இங்கில்லை. வானூர்த் தாலுகாவில் திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கிடப்பதை வாசகர்கள் பார்த்திருக்கலாம். 1781-லேயே சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கை நூலார் அவற்றைப் பற்றி எழுதினார். இந்திய நிலவியல் ஆய்வுத்துறை அவ்விடத்தைப் பாதுகாத்து வருகிறது. அவற்றில் வளையங்கள்கூட கல்லில் தெரிகின்றன. வேரும் கிளையும் பட்டையும் இன்றி அடிமரங்களாக மட்டும் கிடப்பதால், பேராறுகள் அவற்றை வேறிடத்திலிருந்து புரட்டிக் கொணர்ந்து மண்ணில் புதைத்தன என்று ஊகிக்கிறார்கள். ஆனால் அவற்றின் வயது சுமார் இரண்டு கோடி வருஷம். அந்தக் காலத்து வெள்ளத்தை வைத்து இன்றைய பாலத்துக்குக் கண்ணளவு வகுக்க முடியாது.

நமக்கு உதவக்கூடியவை இரண்டு. ஒன்று, மரக்காணத்தை அடுத்த கழுவேலி. புலிக்காட்டுக்கு அடுத்தபடியாகத் தமிழ்நாட்டில் பெரிய உவர்நீர் ஏரி அது. 2021-ல் பறவைகள் சரணாலயமாகவும், 2024-ல் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. உள்நாட்டு ஏரிகளின் மிகைநீர் அதில் வந்து சேர்கிறது. கடலோடும் அதற்குத் தொடர்பு உண்டு. ஆகவே நல்ல மழைக்கால வண்டலும், புயலலை தள்ளிக்கொண்டு வந்த கடல் மணலும் அதன் அடியில் மாறிமாறிப் படிந்திருக்க இடமுண்டு. 2004-ல் வந்தது போன்ற ஆழிப்பேரலை விட்ட மணலைப் புயல் மணலிலிருந்து பிரித்தறிவது நிபுணர் வேலை. உலகில் பல கடற்கரைகளில் அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

மற்றொன்று நம் ஏரிகள். இந்த ஜில்லாவின் ஏரிகளில் பல, பல்லவர் சோழர் காலத்து ஏரிகள். விழுப்புரத்துக்கு அருகே மண்டகப்பட்டில், செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இல்லாமல் கோயில் எடுத்ததாக மகேந்திரவர்மன் பாறையில் எழுதிவைத்தான். அதைப் படித்துத் தமிழரின் கலைப் பெருமையை நிலைநாட்டினோம். அம்மன்னர் காலத்தை ஒட்டி மண்ணால் கட்டிய ஏரிகளின் அடிமண்ணைப் படிக்க நமக்கு இன்னும் தோன்றவில்லை. ஒவ்வொரு கார்த்திகை வெள்ளமும் ஒரு பூச்சு வண்டலைக் கொண்டுவந்து இறக்குகிறது. வெள்ளம் வலுத்தால் மணல் மிகுந்தும், மெலிந்தால் களி மிகுந்தும் இருக்கும். அதில் கலந்த மகரந்தத் துகள், கரையில் அன்று என்ன பயிர் நின்றது என்று சொல்லும். அதைப் பார்த்து இன்ன செடி என்று அடையாளம் சொல்வதற்கு வேண்டிய பெரிய மகரந்தச் சேகரம், கோலியனூரிலிருந்து சுமார் இருபது மைலிலுள்ள புதுச்சேரியில், 1955-ல் ஏற்பட்ட பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்திலேயே இருக்கிறது. வயதைச் சொல்லக் கரி அணுவும், கடந்த நூற்றைம்பது வருஷத்துக்குக் காரீய அணுவும், மணற்பரல் கடைசியாக வெயிலைக் கண்ட நாளைக் காட்டும் ஒளிர்வு முறையும் உள்ளன.

இதில் இடைஞ்சல் இல்லையென்று நாம் சொல்லவில்லை. வருஷந்தோறும் வற்றி வெடிக்கும் ஏரியில் மேலடுக்கும் கீழடுக்கும் கலந்துபோகும், மாடு மிதிக்கும், காற்றுப்பட்டு மகரந்தம் கெடும். தவிர, ஏரி வண்டலை வயலுக்கு அடிப்பது நம் பழைய குடிமராமத்து வழக்கம். ஆகவே நூறு ஏரிகளைத் துளைத்தால் பத்து ஏரிகள் பயன்படலாம். எந்தப் பத்து என்பது துளைத்துப் பார்த்த பின்பே தெரியும். கரையோரத்தை விட்டு ஆழமான பள்ளத்தில், மதகுக்கு உட்புறம் என்றும் ஈரம் காயாத இடத்தில் எடுத்தால் பலன் கூடும் என்பது நம் எண்ணம். ஊர்க்கோயில் குளங்களையும் ஒதுக்கிவிட வேண்டாம்.

ஆனால் துளைத்துப் பார்ப்பதற்குள் மண்ணே போய்விடும் போலிருக்கிறது. 2017 முதல் குடிமராமத்து மீண்டும் உயிர்பெற்றது. விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளரும் ஏரி வண்டலைக் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள அரசாங்கம் அனுமதியளிக்கிறது. இது நல்ல காரியம். தூர்ந்த ஏரியில் நீர் நிற்காது; கோலியனூரான் வாய்க்கால் அடைபட்டால் விழுப்புரம் நகரத்துக்கே கேடு. தூர் வாருவதை நிறுத்தச் சொல்பவர் நம் பக்கத்தில் யாருமில்லை. முற்காலத்தில் மண்வெட்டியும் கூடையும் கொண்டு மேல்மண்ணைச் சிறிது சிறிதாக எடுத்தார்கள். இன்றோ இயந்திரம் இறங்கினால் ஆயிரம் வருஷத்து அடுக்கு ஒரு பகலில் லாரியேறிவிடுகிறது. வண்டலோடு அனுமதியில்லாத மண்ணும் சேர்ந்து செங்கற் சூளைக்கும் வீட்டுமனைக்கும் போவதை ஊரார் அறியாமலில்லை.

நாம் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமன்று. எந்த ஏரியில் தூர் வார உத்தரவு பிறக்கிறதோ, அந்த உத்தரவிலேயே ஒரு வரி சேர்க்கப்பட வேண்டும்: இயந்திரம் இறங்குமுன், ஏரியின் ஆழமான இடத்தில் மூன்று அங்குலக் குழாய் ஒன்றை அடித்து இறக்கி, மண்தூண் ஒன்று எடுத்து, ஊர்ப்பெயரும் தேதியும் இடக்குறிப்பும் எழுதி மூடிவைக்க வேண்டும் என்று. நாலு ஆட்களுக்கு ஒரு நாள் வேலை. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அரசினர் கலைக் கல்லூரிகள் உள்ளன. அவற்றில் இருட்டும் குளிர்ச்சியுமான ஓர் அறையை இதற்கு ஒதுக்கினால், மண்தூண்கள் அங்கே கெடாமல் கிடக்கும். இன்று அவற்றைச் சோதிக்கப் பணமில்லாவிட்டாலும், பத்து வருஷம் கழித்து வரும் ஆராய்ச்சியாளருக்குச் சோதிக்க மண்ணாவது இருக்கும். லக்னோவிலும் ஆமதாபாத்திலும் உள்ள ஆராய்ச்சிக் கூடங்களுக்கு எழுதினால் முறை சொல்லித்தர ஆட்சேபமிராது.

உள்ளூர்ப் பஞ்சாயத்தாருக்கும் பாசன சங்கத்தாருக்கும் ஒரு குறிப்பு. கோலியனூரைச் சுற்றிய ஏரிகள் மாசி கழிந்ததும் வற்றத் தொடங்குகின்றன. வண்டல் எடுக்கும் மனுக்கள் சித்திரை வைகாசியில் தாசில்தாரிடம் குவிகின்றன. மண்தூண் எடுப்பதற்கான மனுவை அவற்றுக்கு முன்பே, பங்குனிக்குள் கொடுத்துவிடுவது நலம்.